பின்னால் துணை ஏறும்போது: அப்சோர்பரும் உங்கள் முதுகெலும்பும்

சந்தைக்கும் கோவிலுக்கும் சுகாதாரக் கிளினிக்கிற்கும் கணவர் ஓட்ட, மனைவி பின்னால் அமர்ந்து செல்வது நம்மிடையே வழக்கம். சாலை மேட்டைத் தாண்டும்போது பின்னால் இருப்பவரின் முதுகில் 'டங்' என்று இடிக்கிறதா? அதை வயதின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

இருவரின் எடையில் பின் அப்சோர்பர் அதிகம் அமுங்கிவிட்டால், மேட்டின் அதிர்ச்சியைத் தாங்க அதில் இடமிருக்காது. அது அடிவரை சென்று முட்டும். அதிர்ச்சி நேரே இருக்கைக்கு வரும். எலும்புப்புரை உள்ளவர்களுக்கு, முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, கீழே விழாமலே முதுகெலும்பு நொறுங்க இந்த ஓர் இடி போதும். வண்டியின் முன்பக்கமும் தூக்கிக்கொள்ளும். விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

எவ்வளவு அமுங்குகிறது?

நடுத் தாங்கியில் நிறுத்தி, பின் சக்கரம் தரையைத் தொடாதபோது, சக்கர அச்சிலிருந்து நேர் மேலே இருக்கையின் விளிம்பு வரை அளக்கவும். பிறகு தாங்கியை எடுத்து, இருவரும் உட்காரவும். ஒருவர் முன்னே வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் அதே இடத்தை அளக்கட்டும். இரண்டு அளவுகளின் வித்தியாசம், அப்சோர்பர் சக்கரத்திற்குத் தரும் மொத்த நகர்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். கையேட்டில் மொத்த நகர்வு 90 மில்லிமீட்டர் என்றிருந்தால், 30 வரை சரி.

அதற்கு மேல் அமுங்கினால், ஸ்பிரிங்கின் கீழுள்ள படி வளையத்தை அதற்குரிய கொக்கிச் சாவியால் ஒரு படி உயர்த்தி மீண்டும் அளக்கவும். இரண்டு அப்சோர்பர் என்றால் இரு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். பல சிறிய வண்டிகளில் இந்த வளையமே இராது; பட்டறையில் கேளுங்கள்.

காற்று அப்சோர்பர் உள்ள பெரிய வண்டியானால், கையேட்டில் இருவருக்கென்று குறித்துள்ள அழுத்தத்தை அதற்கான கைப்பம்பால் ஏற்றவும். பெட்ரோல் நிலையக் காற்றுக் குழாயைத் தொடவே வேண்டாம். உள்ளே இடம் மிகச் சிறியது. ஒரு நொடியில் அளவு மீறி, உள்ளிருக்கும் சீல் கெட்டுவிடும். தனியாக ஓட்டும்போது பழைய அளவிற்குக் குறைக்க மறக்காதீர்கள், இல்லையேல் வண்டி துள்ளும்.

டயர் காற்றையும், ஓடிச் சூடாகுமுன், இருவருக்கான அளவிற்குப் பாருங்கள். சேலை முந்தானையைச் செருகிய பிறகே ஏறவும். சங்கிலியில் சிக்கினால் ஆபத்து.

இடித்த பிறகு முதுகில் திடீர் வலி வந்து, நின்றால் கூடி, படுத்தால் குறைந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்கவும். கால் மரத்தாலோ சிறுநீரை அடக்க முடியாவிட்டாலோ உடனே 999-ஐ அழைக்கவும். அந்த நிலையில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்ல வேண்டாம்.