தண்டவாளம் போடலாமா?

பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! முதலில் மேசையை அளந்து பாருங்கள்.

கணினியில் ஸ்கார்ம் என்ற மென்பொருளைத் திறந்து, மேசையின் நீள அகலத்தைக் கொடுங்கள். பிறகு தண்டவாள வகையைத் தேர்ந்தெடுங்கள். ஜெர்மனியின் மார்க்லின் 'சி' வகை என்று வைத்துக்கொள்வோம். அதில் 36 செ.மீ. ஆரமுள்ள வளைவுத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். 12 துண்டுகளில் வட்டம் முடிந்துவிடும்.

"ஐயோ, வட்டம் மேசைக்கு வெளியே போகுதே!" என்கிறீர்களா? உங்கள் மேசையின் அகலம் 70 செ.மீ.தானே? வட்டத்துக்கு 76 செ.மீ.யாவது வேண்டும்.

"நல்லவேளை, இன்னும் ஒண்ணும் வாங்கல!"

சரி, அகலமான பலகை ஒன்றைத் தேடுங்கள். அதன் அளவைக் கொடுத்துவிட்டு, வட்டத்தின் ஒரு பக்கத்தில் நேர்த் துண்டு ஒன்றைச் சேருங்கள். முனைகள் சேரவில்லையா? எதிர்ப் பக்கத்திலும் அதே நீளத் துண்டைச் சேர்த்துப் பாருங்கள்.