உங்கள் மேல் வழக்கு இருக்கிறதா? எங்கே பார்ப்பது, எதை நம்புவது

"கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று பங்காளி சொல்லிவிட்டுப் போய் ஆறு மாதமாகிறது. சம்மனும் வரவில்லை, சமாதானமும் வரவில்லை. வழக்கு போட்டிருந்தால் தபால் வந்திருக்குமே என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். ஆனால் வழக்கில் எழுதியிருப்பது நீங்கள் காலி செய்த பழைய வீட்டு விலாசமாக இருக்கலாம். சம்மனைச் சேர்ப்பிக்க முடியவில்லை என்றால் அமீனா கதவில் ஒட்டலாம். கோர்ட் அனுமதித்தால் பத்திரிகை விளம்பரமே சம்மன் கொடுத்ததற்குச் சமம். உங்கள் ஊரில் யாரும் வாங்காத பத்திரிகையின் உள்பக்கத்தில் அது வந்திருந்தால் உங்கள் கண்ணில் படாது. நாமே தேடிப் பார்ப்பதுதான் வழி.

முதலில் போக வேண்டிய இடம் இ-கோர்ட்ஸ் இணையதளம் அல்லது அதன் செயலி. காசு கிடையாது. மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் போதும். எந்த ஊர்க் கோர்ட்டில் தேடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நிலத் தகராறு என்றால் நிலம் இருக்கும் ஊர்க் கோர்ட். பணப் பாக்கி என்றால் பெரும்பாலும் நீங்கள் குடியிருக்கும் ஊர், அல்லது கொடுக்கல் வாங்கல் நடந்த ஊர். சென்னையில் இருந்துகொண்டு திருச்சி நிலத்துக்கான வழக்கைச் சென்னை வளாகத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது. அதனால் வழக்கே இல்லை என்றும் ஆகிவிடாது.

அடுத்த சிக்கல் எழுத்துக்கூட்டல். சுப்ரமணியன் என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். அதனால் முழுப் பெயரையும் தட்டாமல் முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் கிடைக்காவிட்டால் எதிராளியின் பெயரைப் போடுங்கள். பட்டா இன்னும் தாத்தா, அப்பா பெயரில் இருந்தால் அவர்கள் பெயரையும் விடாதீர்கள். நடப்பு ஆண்டோடு நிறுத்தாமல் முந்தைய ஆண்டுகளையும், நிலுவை வழக்குகளோடு முடிந்த வழக்குகளையும் பார்க்க வேண்டும். முடிந்தவற்றை யாரும் பார்ப்பதில்லை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஒளிந்திருப்பதோ அங்கேதான்.

இவ்வளவும் செய்து ஒன்றும் வராவிட்டாலும் பாதி நிம்மதிதான். தாக்கல் செய்து இன்னும் நம்பர் ஆகாத வழக்கு கண்ணில் படாமல் போகலாம். நுகர்வோர் ஆணையத்தையும், வங்கிக் கடனுக்கான கடன் வசூல் தீர்ப்பாயத்தையும் தனியாகத்தான் தேட வேண்டும். சொத்து பெரியது, பகை பழையது என்றால் அந்த ஊர்க் கோர்ட்டிலேயே தொழில் செய்யும் வக்கீல் ஒருவரைப் பிடிப்பது மேல். அவருடைய குமாஸ்தா பதிவேட்டில் தேடிப் பார்ப்பது, நீங்கள் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் தேடுவதைவிட நம்பகமானது. செலவு கொஞ்சம் ஆகும், ஆனால் வீண்போகாது. அந்த வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்து இ-சேவை மையத்தையோ, சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணையோ நாடலாம்.

நிலம் வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டு வழக்கு இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். அந்தக் கேள்விக்கு இது தவறான காகிதம். பதிவு அலுவலகத்துக்கு வந்த ஆவணங்கள்தான் வில்லங்கத்தில் ஏறும். கோர்ட் ஜப்தி உத்தரவு பதிவாகியிருந்தால் அதில் தெரியலாம். வழக்கு நடப்பது மட்டும் தானாக ஏறிவிடாது. ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரையும் அதன் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது.

கேவியட் மனு வேறு வகை. ஏற்கெனவே போட்ட வழக்கை அது காட்டாது. இனி யாராவது தடையுத்தரவு கேட்டால் உங்களுக்குத் தெரிவிக்காமல் கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் அது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவின்படி 90 நாள் செல்லும். பிறகு புதிதாகப் போட வேண்டும். வழக்கு போடுவார் என்று நீங்கள் எதிர்பார்க்கிறவருக்கு அதன் அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பியாக வேண்டும். சும்மா இருந்தவரை நாமே எழுப்பிவிட்டதாகவும் ஆகலாம். வேலி போடப் போகிறீர்கள், வீடு இடிக்கப் போகிறீர்கள், எதிராளி தடைக்கு ஓடுவார் என்பது உறுதி என்றால் மட்டும் போடுங்கள்.

போலீஸ் விஷயம் சுருக்கமானது. எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. செக் பவுன்ஸ் வழக்குக்கு முன்னால் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பதால், தபாலைக் கவனித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வக்கீல் நோட்டீஸையும் சம்மனையும் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவது சாமர்த்தியம் இல்லை. மறுத்த சம்மனை, கொடுத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் வரும் 'சம்மன்' பணம் கேட்டால் மோசடி. வழக்கு எண்ணையோ 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையோ இ-கோர்ட்ஸில் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

தேடியதில் உங்கள் பெயர் கிடைத்துவிட்டால் பார்த்தும் பாராமல் இருக்காதீர்கள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் கெடு 30 நாள். சம்மன் முறையாகக் கிடைக்காதவருக்கு, தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. திரையில் உங்கள் பெயரைப் பார்த்த தேதியைக் குறித்துக்கொண்டு, அந்த வாரமே வக்கீலிடம் வக்காலத்து கொடுத்து, வழக்குரையின் நகலுக்கு மனுப் போடச் சொல்லுங்கள்.