ஒப்பாரி வைக்காத வீடு

ஏ.ஆர்.டி. மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கண்ணுக்கு,

உன் பெயர் எனக்குத் தெரியாது, எந்த மாவட்டம் என்றும் தெரியாது. ஆனால் முதல் வாரத்திலேயே உன் கையில் ஒரு வேலையைக் கொடுத்திருப்பார்கள்: டப்பாவைத் திறந்து மீதி மாத்திரையை எண்ணி, அட்டையில் எழுதுவது. அந்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் எச்.ஐ.வி. வார்டுக்கு வந்தது 1990களின் கடைசியில். இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பதை 1986இல் சென்னையில் கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவும். இரண்டு பெண்கள். என் பாடப்புத்தகத்தில் அந்தப் பெயர்கள் இல்லை. எங்களிடம் அப்போது இருந்ததெல்லாம் டிரிப், டி.பி. மாத்திரை, வாய்ப்புண்ணுக்கு மருந்து, அப்புறம் எங்கள் கை. ஏ.ஆர்.டி. என்ற கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். தாம்பரம் சானடோரியம் அந்த முதல் மையங்களில் ஒன்று. அதற்கு முன் வந்தவர்களில் பெரும்பாலோரை நாங்கள் வழியனுப்பத்தான் செய்தோம்.

நம் ஊரில் சாவு என்றால் தெருவுக்கே தெரியும். பெண்கள் கட்டிப்பிடித்து, மாரில் அடித்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவனைத் திட்டுவதற்குக்கூட அதில் இடம் உண்டு. எங்கள் வார்டில் செத்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை. லாரி ஓட்டிய ஒருவரின் மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே வந்தால் "எதனால செத்தாரு?" என்ற கேள்வியும் கூடவே வருமே. "டி.பி.ன்னு சொல்லிருங்க சிஸ்டர்" என்றாள். அவளுக்கும் பாசிட்டிவ். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மாமியார் வீட்டில் அவள் தட்டும் டம்ளரும் தனியாகிவிட்டன. அவனுக்காக அழுவாளா, தனக்காக அழுவாளா, அவன்மேல் உள்ள ஆத்திரத்தை எங்கே கொட்டுவாள்?

அழாமல் விட்ட அழுகை எங்கே போகிறது என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். மருந்து வந்து பல வருடங்கள் கழித்து ஒரு பெண். மாதம் தவறாமல் வருவாள், டப்பா காலியாக இருக்கும். டப்பா குலுங்கினால் வீட்டில் கேட்குமென்று உள்ளே பஞ்சு வைத்திருப்பாள், லேபிளைச் சுரண்டி எடுத்திருப்பாள். ஒரு மாதம் 30இல் 19 மீதி இருந்தது. நான் கத்தினேன். "அரசாங்கம் சும்மா குடுக்குதுன்னு விளையாட்டா?" என்று, வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வரவே இல்லை.

தேடிப்போன களப்பணியாளர் வந்து சொன்னார். எங்கள் மையத்து வரிசையில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். ஒரே பஸ்ஸில் வருவார்களாம், ஆனால் தள்ளித் தள்ளி உட்காருவார்களாம், ஊர்க்காரர்கள் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாதென்று. அந்தச் சிநேகிதி இறந்துவிட்டாள். இழவு வீட்டுக்கு எந்த உறவு சொல்லிக்கொண்டு இவள் போவாள்? பதினோராம் நாளோடு மாத்திரை நின்றது அதனால்தான்.

அதிலிருந்து மீதி மாத்திரையைப் பார்த்ததும் "ஏன் போடலை?" என்று நான் கேட்பதில்லை. "வீட்ல யாருக்கு என்னாச்சு?" என்று கேட்பேன். மறதி, பஸ் காசு, குடி, பக்கவிளைவு எல்லாம் காரணமாக இருக்கும்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பத்தில் நான்கு பேராவது உட்கார்ந்துவிடுவார்கள். இது ஆராய்ச்சிக் கணக்கில்லை, என் நாற்காலிக் கணக்கு.

பயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், உன் அம்மா கேட்டிருப்பார்கள். பாசிட்டிவ் ஆனவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதே. குத்திவிட்டால் பிதுக்காதே, சோப்புப் போட்டுக் கழுவு, உடனே சொல்லு. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். கையுறை ரத்தத்துக்கு. தோளைத் தொட அது வேண்டாம். நோயாளிகள் அதைக் கவனிப்பார்கள்.

ஒருவருடைய நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். நீ எழுந்துபோய்க் கூப்பிடு, நாலு எட்டுதானே.

உன் துக்கம் ஒன்று இருக்கிறது. யாரும் அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். மன அழுத்தம் குறைப்பதற்கென்று பயிற்சி வகுப்பு வைத்து, மதியச் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். பிரியாணி நன்றாக இருக்கும். எனக்கு உதவியது வேறு. ஒருவர் இறந்த நைட் டூட்டி முடிந்ததும், துப்புரவு பார்க்கும் அக்காவும் நானும் மாடிப்படியில் டீயோடு உட்காருவோம். செத்தவரைப் பற்றி ஆளுக்கொரு விஷயம் சொல்வோம். "இட்லிக்குச் சர்க்கரை கேட்பாரு" என்று அக்கா ஆரம்பிப்பாள். சில நாள் சிரிப்பு வரும், சில நாள் அக்கா ராகம் போட்டு மெல்ல இழுப்பாள். அந்த லாரிக்காரருக்குக் கிடைத்த ஒப்பாரி அது ஒன்றுதான்.

மாத்திரையை நிறுத்திய அந்தப் பெண் ஐந்து மாதம் கழித்து வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "திட்டுனதுக்கு இல்ல சிஸ்டர், எல்லாரும் பாத்தாங்க" என்றாள். அன்றைக்கே ஸ்டோரில் ஒரு திரையும் நாற்காலியும் கேட்டேன். உன் மையத்தில் இல்லையென்றால் நீயும் கேள். உடைந்த நாற்காலிதான் தருவார்கள். வாங்கிக்கொள், புதுக் கால் போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய சிஸ்டர்