கரிசல் முற்றத்தில் தளவரிசை

வீடு கட்டுவோர் சுவரையும் கூரையையும் பற்றிப் பன்முறை எண்ணுவர். முற்றத்துத் தரையைப்பற்றி எண்ணுவார் சிலரே. நீர்த்தொட்டியைச் சுற்றிய தளமோ எவர் கருத்திலும் இறுதியாகவே இடம்பெறும். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசற்பூமியிற் பிறந்த எனக்கு இவ்விஷயத்தை ஆராயும்படி நேர்ந்தது சென்ற ஆண்டு சித்திரையில். எங்கள் முற்றத்திலே சிறுவர் இறங்கி நீந்தத்தக்க ஒரு தொட்டி உண்டு. அதனைச் சுற்றி இட்டிருந்த சிமெந்துத் தளம் மூன்றே கோடைகளிற் பிளந்து, ஒருபக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. அவ்விளிம்பிற் கால் தடுக்கி வீழ்ந்த என் பாட்டியார் இடுப்பெலும்பு முறிந்து மூன்று திங்கள் படுக்கையிற் கிடந்தனர். பழைய தளத்தையே புதுக்குவதா, வேறு வகை தேர்வதா என்னும் வினா அதன்பின்னரே எங்கள் இல்லத்தில் எழுந்தது.

கரிசலின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். இம்மண்ணில் மான்மோரிலோனைட்டு என்னும் களிமண் கனிமம் மிகுதி. பிரான்சு தேசத்து ஊரொன்றின் பெயரால் அது அப்பெயர் பெற்றது. ஏட்டுச்சுவடியின் இதழ்கள்போல் அடுக்கடுக்காய் அமைந்த அதன் நுண்டகடுகளினிடையே நீர் புகுந்து அவற்றை விலக்கும். அதனால் மண் வீங்கும். நீர் வற்றியவிடத்துத் தகடுகள் நெருங்கும். மண் சுருங்கிப் பாளம்பாளமாய் வெடிக்கும். வெடிப்பு என்னும் சொல் எங்கள் நாட்டில் இருதொழில் புரிவது நேயர்கள் அறிந்ததே. பட்டாசின் வெடிப்பு நொடியில் முடியும், நிலத்தின் வெடிப்போ ஆண்டுதோறும் வரும். ஐப்பசி கார்த்திகையில் மூடுவதும் சித்திரையில் வாய்திறப்பதுமாகிய இம்மண் நீரைப் பிடித்துவைத்துப் பருத்தியை வளர்ப்பதால் உழவர்க்கு உறவு, கொத்தனார்க்கோ பகை.

ஒரே பலகையாய் இட்ட தளம் பிளப்பது எதனால்? தளத்தின் நடுவே மூடுண்ட மண்ணில் வெயில் படாது. ஈரம் ஒருநிலைப்பட நிற்கும். ஓரத்து மண்ணோ கோடையில் உலர்ந்து தாழும், மழையில் நனைந்து எழும்பும். நடு நிற்க ஓரம் ஏறியிறங்குமாயின் வளையமாட்டாத சிமெந்து முறியாது என்செய்யும்? தொட்டியருகே துன்பம் இரட்டிப்பாம். கசியும் நீரும் சிந்தும் நீரும் பிளவின்வழி இறங்க, அவ்விடத்து மண் மேலும் வீங்கும். வீங்கவே பிளவு விரியும். விரியவே நீர் மேலும் இறங்கும். தளம் தொட்டிச் சுவரோடு பிணைந்திருப்பின் சுவரையும் இழுத்துப் பிளக்கும்.

மண் எவ்வளவு வீங்குமென்பதை அறிய எளியதொரு சோதனை உண்டு. நன்றாய் உலர்த்திச் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக 100 மில்லிலிட்டர் அளவுக் குழாய்கள் இரண்டில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் நிரப்பி, 24 மணி நேரம் வைத்தல் வேண்டும். மண்ணெண்ணெயில் மண் வீங்காது. நீரில் 18 மில்லிலிட்டரும் எண்ணெயில் 10 மில்லிலிட்டரும் நின்றால் வீக்கம் நூற்றுக்கு 80 என்க. 50க்குக் குறைந்தால் அச்சம் குறைவு. 100ஐக் கடந்தால் அம்மண்மேல் எதையும் எளிதாய் இடலாகாது.

இனி, தளத்தின் மேற்பொருள். மெருகேறிய கடப்பைக் கல் கண்ணுக்கு இனிது. நனைந்தால் வழுக்கும், சித்திரை வெயிலில் வெறுங்காலைச் சுடும். பளபளக்கும் ஓடுகளும் வழுக்குவனவே. அன்றியும் சாந்தில் ஒட்டிய ஓடு, அடித்தளம் அசைந்தால் பெயர்ந்துவிடும். செங்கல் மலிவு, ஆயின் ஈரத்தில் பாசி பிடிக்கும். எந்தையார் சிமெந்தையே இன்னுங் கனமாய் இடக் கருதினார். அப்போது முதிய கொத்தனார் ஒருவர், “அண்ணாச்சி, கரிசலோட மல்லுக்கட்டாதீங்க. அது ஏறி இறங்கக் கொஞ்சம் இடம் விடுங்க” என்றார். அச்சொல்லே எங்கள் தேர்வை முடிவு செய்தது. சொரசொரப்பாகக் கொத்திய சாம்பல்நிறக் கருங்கற் பலகைகளைச் சாந்தின்றி மணற்படுகைமேல் பாவுவதெனத் துணிந்தோம். ஒரு கல் எழும்பினால் அதனை மட்டும் எடுத்துச் சமன்செய்யலாமன்றோ?

ஆயினும் கல்லினும் கல்லின்கீழ் உள்ளதே பெரிது. கரிசலை அகழ்ந்த குழி முழுதும் மணல் நிரப்புவார் உளர், அது பெரும்பிழை. மணல் மழைநீரை விழுங்கி அடிக்கரிசலுக்கு ஊட்டும் தொட்டியாய் மாறும். சற்றுப் பசையுள்ளதாயினும் வீங்காத மண்ணே அங்கே வேண்டும். பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஆர். கே. கட்டி என்பார் கரிசல்நிலத்து வாய்க்கால்களுக்கு ஆராய்ந்து வகுத்த முறை இதுவே. எங்கள் பொருள்வலிக்கு ஏற்ப இரண்டடி அகழ்ந்து, சரளை கலந்த செம்மண்ணை அரையடிக்கு ஒருமுறை நனைத்துத் திமிசிட்டு இறுக்கினோம். அதன்மேல் இரண்டங்குல மணல், அதன்மேற் கல். தொட்டிச் சுவருக்கும் கல்லுக்கும் இடையே அரையங்குல இடைவெளி விட்டு, நெகிழுந் தன்மையுள்ள தாரால் அடைத்தோம். நீர் தேங்காவண்ணம் ஐம்பதடிக்கு ஓரடி வீதம் வெளிப்புறமாய் வாட்டம் வைத்து, முடிவில் ஒரு வடிகால். தொட்டியருகே நட எண்ணியிருந்த வேப்பங்கன்றைக் கொல்லைக்குக் கொண்டுபோயினோம். வேர் ஈரத்தை உறிஞ்சும் பக்கம் மண் தாழுமென்பதால்.

இம்முறை எவ்விடத்துக்கும் ஏற்றதன்று. எங்களூரைச் சூழ்ந்த பட்டாசுத் தொழிற்சாலைகளில் மருந்து கையாளும் அறைக்கும் காயவைக்கும் மேடைக்கும் இத்தகைய தளம் ஆகவே ஆகாது. கல்லிடுக்குகளில் மருந்துத்தூள் தங்கினால் ஒரு சிறு உராய்வே தீக்குக் காரணமாம். அங்கே இடுக்கற்ற வழவழப்பான தரை வேண்டும். எனவே அடிமண்ணை மாற்றுவதிலே செலவைச் சுருக்கலாகாது. தோன்றிய வெடிப்பை அன்றே அடைத்தல் வேண்டும். ஒரே மண், ஒரே வெயில். ஓரிடத்தில் இடைவெளி காக்கிறது, ஓரிடத்தில் கொல்கிறது.

ஆவணியில் வேலை முடிந்தது. கார்த்திகை மழைக்குப்பின் வடகீழ் மூலையில் இரண்டு கற்கள் சற்றே எழும்பின. எந்தையாரும் நானும் கடப்பாரையால் நெம்பியெடுத்து, மணலைச் சீவி, இரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு பிற்பகலில் மீண்டும் பாவினோம். பாட்டியார் கைத்தடியூன்றி வந்து, ஒவ்வொரு கல்லாய்த் தட்டிப் பார்த்துவிட்டுத் தொட்டியோரம் அமர்ந்தனர்.