முதல் ஷிஃப்ட்டுக்குப் போகும் தங்கச்சிக்கு

கேள்வி: கிள்ளான் பெரிய மருத்துவமனையில் தாதியாகச் சேரப்போகிறேன் அக்கா. பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: வாழ்த்துகள் தங்கச்சி! முதலில் நல்ல சப்பாத்து வாங்கு. அழகு பார்க்காதே, குதிகாலைப் பார். சட்டைப்பையில் இரண்டு பேனா வை; ஒன்றை டாக்டர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

பயம் வேண்டியதுதான், மருந்து கொடுக்கும் நேரத்தில் மட்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம்: இந்த ஐந்தையும் ஒவ்வொரு முறையும் பார். கிள்ளானில் ஒரே வார்டில் இரண்டு சுப்பிரமணியம் படுத்திருப்பது அதிசயமில்லை. “நீங்கதானே சுப்பிரமணியம்?” என்று கேட்டால், காது கேட்காத தாத்தாவும் தலையாட்டுவார். “உங்க பேரு என்னங்கய்யா?” என்று கேள். பிறகு கைப்பட்டையில் அடையாள அட்டை எண்ணைச் சரிபார். சீனியர் அவசரப்படுத்தினாலும் இதை விடாதே.

சந்தேகம் வந்தால் உடனே கேள். திட்டு விழும், விழட்டும். நோயாளிக்கு ஒன்றும் ஆகாது.

பாட்டிமார் “மிஸ்ஸி, சாப்பிட்டியா?” என்பார்கள், அடுத்ததாகக் கல்யாணப் பேச்சும் வரும். சிரித்துக்கொண்டே பிரஷர் பார்த்துவிடு. தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் ஊசிக்குப் பயந்த கையும் தானாக நீளும்.

இரவு ஷிஃப்ட் முடிந்து கொமுட்டர் ஏறினால் கைப்பேசியில் அலாரம் வை. தூங்கிவிட்டால் வண்டி கேஎல் சென்ட்ரலைத் தாண்டிவிடும். வீட்டுக்குப் போனதும் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் படு.