பல பூ துலிப்: கிழங்கிலேயே உருவாகும் பூச்செண்டு

துலிப் என்றதும் ஒரு தண்டின் நுனியில் கிண்ணம் போன்ற ஒரே பூ நிற்பதுதான் நினைவுக்கு வரும். ஆயினும், தண்டின் மேற்பகுதி கிளைத்து மூன்று முதல் ஐந்து பூக்கள் வரை, சிலவேளை அதற்கு மேலும், தாங்கும் வகைகளும் உண்டு. மத்திய ஆசிய மலைகளில் தானாகவே வளரும் துலிபா பிரஸ்டான்ஸ் என்னும் இனத்தில் இவ்வியல்பு இயற்கையாகவே காணப்படுகிறது. தோட்ட வகைகளுள் ஆன்டாய்னெட், காண்டி கிளப் முதலியவை இவ்வாறு பூப்பவை. இத்தகைய தண்டுகள் இரண்டு மூன்று இருந்தாலே ஒரு பூச்செண்டு நிறைந்துவிடும். ஆகவே காஷ்மீர், இமாசலப் பிரதேசம் போன்ற குளிர்ந்த பகுதிகளில் பூ விற்பனைக்காகத் துலிப் பயிரிட முற்படுவோர் இவற்றை நாடுவது இயல்பே. எனினும் இவற்றை நட்டும் ஒற்றைப் பூவே காண நேர்வதுண்டு. அக்குறைக்குக் காரணத்தை நிலத்தில் தேடுமுன் கிழங்கில் தேட வேண்டும்.

வசந்தத்தில் பூத்து, கோடையின் தொடக்கத்தில் இலைகள் மஞ்சளித்து உலர்ந்தபின் துலிப் உறங்குவதாகத் தோன்றும். உண்மையில் அப்பொழுதுதான் கிழங்கினுள் அடுத்த ஆண்டின் இலைகளும், பூவின் ஆறு இதழ்களும், ஆறு மகரந்தத் தாள்களும், சூலகமும் உருவாகின்றன. பக்க மொட்டுக்கள் தோன்றுவதும் கிழங்கில் சேர்ந்துள்ள உணவைப் பொறுத்ததே. சுற்றளவு 12 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கிழங்கு பல பூக்களைத் தரும்; சிறு கிழங்கு ஒன்றோடு நின்றுவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று சிறு கிழங்கை வாங்குவது உண்மையில் சிக்கனமன்று.

வாங்கிய தொகுதியில் ஒரு கிழங்கை நெடுக்காக அறுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், செதில்களின் நடுவில் நுண்ணிய பூமொட்டைக் காணலாம். விரிவாக்க ஊழியருக்கு இது தரப் பரிசோதனை. ஆசிரியருக்குச் சிறந்த வகுப்பறைப் பாடம்.

மொட்டு உருவானபின் தண்டு நீள்வதற்குக் குளிர் இன்றியமையாதது. 5 முதல் 9 டிகிரி செண்டிகிரேடு வெப்பநிலையில் 12 முதல் 16 வாரங்கள் தேவை. காஷ்மீரில் இலையுதிர்காலத்தில் நட்டால் பனிக்காலமே இதை அளித்துவிடும். சமவெளியில் முன்னரே குளிரூட்டிய கிழங்கையே நடவேண்டும். இங்கே ஓர் ஆபத்து உண்டு. மலைப்பகுதிகளிலுள்ள குளிர்பதனக் கிடங்குகளில் பெரும்பாலானவை ஆப்பிளுக்கானவை. பழுக்கும் ஆப்பிள் எத்திலீன் வாயுவை வெளியிடும். அது கிழங்கினுள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். வெளித்தோற்றத்தில் கிழங்கு நன்றாகவே இருக்கும். பூக்கும் பருவத்தில்தான் இழப்பு தெரியவரும். பியூசேரியம் பூஞ்சை பற்றிய கிழங்கும் இவ்வாயுவை விடுவதால், புளித்த வாடையுள்ளவற்றை உடனே பொறுக்கி அகற்றுதல் வேண்டும்.

நடவு எளிது. நீர் தேங்காத மண்ணில், கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் வைத்தால் போதும்.

அறுவடையில்தான் நிதானம் தேவை. ஒற்றைப் பூ வகையைப்போல் மொட்டில் நிறம் சற்றே தோன்றியதும் வெட்டினால், பின்தங்கியுள்ள பக்க மொட்டுக்கள் பச்சையாகவே நின்றுவிடக்கூடும். நடுமொட்டு முழு நிறம் பெற்று விரியாமலிருக்க, பக்க மொட்டுக்களிலும் நிறம் தலைகாட்டும் வரை காத்திருப்பது நலம். காலைக் குளிர்ச்சியில் வெட்டி, தாளில் நேராகச் சுற்றி நீரில் நிறுத்த வேண்டும். வெட்டிய பின்னும் தண்டு நீண்டு ஒளியை நோக்கி வளையும் இயல்புடையது. புதிதாக வெட்டிய நர்கிஸ் மலர்களை அதே நீரில் வைத்தலாகாது. அவற்றின் கோழை துலிப்பை விரைவில் வாடச் செய்யும்.

நீண்ட தண்டிற்கு விலை மிகுதி. ஆனால் தண்டோடு இலைகளும் போய்விட்டால் புதுக்கிழங்கு பருக்க வழியில்லை. ஸ்ரீநகரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பெருந்தோட்டத்திற்கும் கிழங்குகள் நெதர்லாந்திலிருந்து தருவிக்கப்பட்டவையே. சிறு விவசாயிக்கு ஆண்டுதோறும் அச்செலவு தாங்குவது அரிது. ஆகவே ஒரு பகுதிப் பாத்தியை வெட்டுப்பூவுக்கென ஒதுக்கி, மற்றதில் பூவை மட்டும் கிள்ளி இலைகள் தாமே உலரும்வரை விடுவது தக்க முறையாகும். கிழங்குகளைத் தொடர்ந்து கையாளுவோருக்கு விரல் நுனியில் தோல் வெடித்து அரிப்பு உண்டாகலாம். கையுறை அணிவது அவசியம்.