டைட்டானியம் ஜாப் கைக்கு வந்தால்

மைல்ட் ஸ்டீலும் அலுமினியமும் ஓட்டிப் பழகிய ஒருவரிடம் முதல் டைட்டானியம் ஜாப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். விலையை நினைத்துப் பயந்து ஃபீடைக் குறைத்து ஓட்டுவார். இல்லையென்றால் ஸ்டீலுக்கு வைத்த அதே வேகத்தில் ஓட்டி இன்சர்ட்டை எரித்துவிடுவார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இந்த உலோகம் ரொம்பக் கடினமானது என்று கேள்விப்பட்டிருப்பார். அனீல் செய்த டைட்டானியம் கலவை ராக்வெல் சி அளவில் 36 வாக்கில்தான் இருக்கும். ஹார்டன் செய்த டூல் ஸ்டீல் 60ஐத் தொடும். கடினம் இங்கே சிக்கலே இல்லை. சூடு வெளியேற வழி இல்லாததுதான் சிக்கல்.

கோவை, ஓசூர், சென்னைப் பக்கத்து ஷாப்களில் விமான, விண்வெளி, மருத்துவக் கருவி ஆர்டர்களைத் தேடிப் போகிற இளைஞர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் எதைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். வரைபடத்தில் வெறுமனே "டைட்டானியம்" என்று இருந்தால் வேலையைத் தொடாதீர்கள், கிரேடு கேளுங்கள். கிரேடு 1 முதல் 4 வரை கலப்பில்லாத வகை. ரசாயன ஆலைகளுக்கும் வெப்பப் பரிமாற்றிகளுக்கும் போகிறவை. கிரேடு 2இன் ஈல்டு ஸ்ட்ரெங்த் குறைந்தபட்சம் 275 மெகாபாஸ்கல். அதோடு 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்தால் கிரேடு 5. ஷாப்பில் இதை "சிக்ஸ் ஃபோர்" என்பார்கள். அதன் ஈல்டு 830 மெகாபாஸ்கலுக்குக் குறையாது. அதே கலவையில் ஆக்சிஜனை 0.13 சதவீதத்துக்குள் அடக்கினால் கிரேடு 23, உடலுக்குள் வைக்கும் இம்பிளான்ட்களுக்கு உரியது. கலப்பில்லாத வகையில் அமில ஆலைக்கென்று சிறிது பல்லேடியம் சேர்த்தது கிரேடு 7. தொடக்கத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

சிக்ஸ் ஃபோரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.43 கிராம். ஸ்டீலுக்கு 7.85. அதே அளவில் 10 கிலோ ஸ்டீல் பாகம் டைட்டானியத்தில் 5.6 கிலோதான் வரும், பலமோ நல்ல அலாய் ஸ்டீலுக்கு இணையாக இருக்கும். போயிங் 787இன் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம் டைட்டானியமாக இருப்பது இதனால்தான். ஆனால் சிக்ஸ் ஃபோரை 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீண்ட நேரம் நம்ப முடியாது. அதற்கு மேல் வேறு டைட்டானியம் கலவைகள் உண்டு, இன்னும் சூடான இடத்தில் நிக்கல் கலவைதான்.

சூட்டை எங்கே அனுப்புவது?

அலுமினியம் 6061இன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 167 வாட் அளவில் இருக்கும், மைல்ட் ஸ்டீலுக்கு 50 வாக்கில். சிக்ஸ் ஃபோருக்கு 7 கூட இல்லை. ஸ்டீலைக் கடையும்போது பிறக்கும் சூட்டில் நல்ல பங்கைச் சிப் எடுத்துக்கொண்டு போய்விடும், ஜாப்பும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். டைட்டானியத்தில் பெரும் பகுதி டூலின் முனையிலேயே தங்கிவிடும். அந்தச் சூட்டில் டைட்டானியம் கார்பைடோடு ஒட்டிக்கொண்டு, பிரியும்போது முனையையும் பெயர்த்துக்கொண்டு வரும். இன்சர்ட் போவது இப்படித்தான்.

அதனால் வேகத்தைக் குறையுங்கள், ஃபீடைக் குறைக்காதீர்கள். கார்பைடு இன்சர்ட்டில் நிமிடத்துக்கு 50 மீட்டர் என்று தொடங்கலாம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாரில் அது 320 ஆர்பிஎம். அதே பார் ஸ்டீலாக இருந்தால் 180 மீட்டரில் 1,100க்கு மேல் வைத்திருப்பீர்கள். ஸ்பிண்டில் இவ்வளவு மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்து சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள், அவரும் ஒப்புக்கொள்வார்.

டூல் உரசிக்கொண்டு நிற்கவே கூடாது. உள்ளே போனால் வெட்ட வேண்டும், வேலை முடிந்தால் உடனே வெளியே வர வேண்டும். ஃபீடை நடுவில் நிறுத்தினால் அந்த இடம் இறுகிப் பளபளக்கும், அடுத்த பாஸில் முனை அங்கே போய் முட்டும். முனை கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய இன்சர்ட்டை "இன்னும் ஒரு ஜாப் தாங்கும்" என்று ஓட்டுவது ஸ்டீலில் சிக்கனம், இங்கே பார் முழுவதும் ஸ்கிராப். கூலன்ட் வெட்டும் முனையிலேயே, அழுத்தத்தோடு விழ வேண்டும்.

மெல்லிய சுவர் கொண்ட பாகம் என்றால் இன்னொரு தொல்லை உண்டு. டைட்டானியத்தின் யங் மாடுலஸ் 114 கிகாபாஸ்கல்தான், ஸ்டீலுக்கு 205 வாக்கில். டூல் அழுத்தும்போது சுவர் விலகிக்கொடுக்கும், டூல் போனதும் திரும்பி வரும். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அளவு கூடுதலாக இருக்கும். ஆஃப்செட்டை மாற்றி மாற்றித் துரத்துவதை விட, பிடிப்பைச் சரிசெய்து ஜாப்புக்கு அடியில் ஆதாரம் கொடுப்பதுதான் தீர்வு.

சுத்தம் என்றால் எவ்வளவு சுத்தம்?

1960களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பர்பாங்க் நகரில், லாக்ஹீட் நிறுவனம் பிளாக்பேர்டு விமானங்களைப் பெரும்பாலும் டைட்டானியத்திலேயே கட்டியது. சூடேறியதும் சில போல்ட்களின் தலை கழன்று விழுந்தது. தேடிப் பார்த்தால், முடுக்கப் பயன்படுத்திய ஸ்பானர்களில் காட்மியம் பூச்சு. அதன் தடயம் டைட்டானியத்தில் ஒட்டி, சூட்டில் உலோகத்தில் விரிசல் விழவைத்திருக்கிறது. டூல்பாக்ஸ்களில் இருந்த காட்மியம் பூசிய கருவிகளை எல்லாம் வெளியேற்றினார்கள். பிறகு இன்னொன்று: கோடையில் ஸ்பாட் வெல்டிங் செய்த பேனல்கள் சீக்கிரம் கெட்டன, குளிர்காலத்தில் செய்தவை நீடித்தன. கோடையில் பாசி பிடிக்காமல் இருக்க நகர நீர்வழங்கலில் குளோரின் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சி வடித்த நீருக்கு மாறியதும் தொல்லை தீர்ந்தது.

உங்கள் ஷாப்புக்கும் இது அப்படியே பொருந்தும். குளோரின் கலந்த கட்டிங் ஆயில் வேண்டாம், துடைக்கும் கரைப்பானிலும் குளோரின் வேண்டாம். ஸ்டீலுக்குப் பயன்படுத்திய வயர் பிரஷ்ஷும் கிரைண்டிங் வீலும் டைட்டானியத்தின் பக்கமே வரக்கூடாது. வெல்டிங்குக்குத் தயாரான விளிம்பை வெறும் கையால் தொடாதீர்கள்.

டிக் வெல்டர்களுக்கு இந்த உலோகம் நிறத்திலேயே தீர்ப்பு எழுதிக் காட்டும். முன்பக்கம், பின்பக்கம், டார்ச் கடந்து போன இடம் என எல்லாவற்றையும் வெல்ட் ஆறும்வரை ஆர்கான் மூடியிருக்க வேண்டும். வெள்ளிபோல் மின்னினால் நல்ல வெல்ட். வெளிர் வைக்கோல் நிறம் வரைக்கும் பொதுவாக ஏற்பார்கள். நீலம் வந்தால் காற்று புகுந்திருக்கிறது. சாம்பல் அல்லது வெண்பொடி படிந்திருந்தால் வெட்டி எறிய வேண்டியதுதான். நிறத்தைத் தேய்த்து மறைப்பது மன்னிக்க முடியாத குற்றம். உள்ளே போன ஆக்சிஜன் தேய்த்தால் போகாது, உலோகம் நொறுங்கும் தன்மையோடே இருக்கும்.

சான்றிதழிலும் இதே கண்டிப்பு வேண்டும். 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் விமான நிறுவனத்தின் 232ஆம் விமானத்தில் வால் எஞ்சினின் டைட்டானியம் ஃபேன் டிஸ்க் நடுவானில் உடைந்தது. அமெரிக்காவின் சூ சிட்டியில் தரையிறக்க முயன்றபோது 112 பேர் உயிரிழந்தார்கள். உருக்கும்போதே உலோகத்துக்குள் தங்கிவிட்ட, நைட்ரஜன் மிகுந்த ஒரு சிறு குறை காலப்போக்கில் விரிசலாக வளர்ந்திருந்தது. 2024இல் போலிச் சான்றிதழோடு வந்த டைட்டானியம் விமானப் பாகங்களாகிவிட்டது பற்றி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விசாரணையே நடத்தியது. ஆகவே எந்த உருக்கில் பிறந்த உலோகம் என்று சொல்லும், பாரில் பொறித்த ஹீட் நம்பரும் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பார்ப்பதை ஸ்டோர்ஸ்காரர் வேலை என்று விட்டுவிடாதீர்கள். பாரை வெட்டினால், மீதித் துண்டிலும் அதே நம்பரைப் பொறித்த பிறகே ரேக்கில் வையுங்கள்.

வேலை எங்கே இருக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறாவிலும் கடற்கரை மணலில் டைட்டானியம் தாதுவான இல்மனைட் இருக்கிறது. உலக அளவில் அதில் பெரும்பகுதி வெள்ளை நிறமியாகிப் பெயின்ட்டுக்குப் போய்விடுகிறது. உலோகமாவது சிறு பங்கே. சவறாவில் ஆண்டுக்கு 500 டன் டைட்டானியம் ஸ்பாஞ்ச் தயாரிக்கும் ஆலை இருக்கிறது. ஸ்பாஞ்ச்சை உருக்கிக் கலவையாக்குவதில் ஹைதராபாத்தின் மிதானி நிறுவனம் பெயர் பெற்றது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை அனுப்பும் மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கி வருகிறது. ஆட்கள் அமரும் கோளம் 80 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட டைட்டானியக் கலவை. பொது வேலைச் சந்தையில் இம்பிளான்ட் தயாரிப்பு, கடல்நீரால் குளிரூட்டும் கண்டென்சர், குளோர்-அல்கலி ஆலை ஆனோடு ஆகிய மூன்றையும் கவனியுங்கள்.

இன்டர்வியூவில் டைட்டானியம் எங்கே உதவாது என்று கேட்டால் திணறாதீர்கள். ஈரமான குளோரினைத் தாங்கும் இதே உலோகம் ஈரமே இல்லாத குளோரினில் தீப்பிடிக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இதைக் கரைத்துவிடும். இந்த இரண்டையும் சொல்பவர் பாடப் புத்தகத்தோடு நிற்கவில்லை என்பது கேட்பவருக்குப் புரியும்.

கடைசியாக ஒன்று, ஆப்பரேட்டருக்கும் முதலாளிக்கும் சேர்த்தே. டைட்டானியத்தின் மெல்லிய சிப்பும் தூளும் எரியும். எரியத் தொடங்கிவிட்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஹைட்ரஜன் பிரிந்து வெடிக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் அதை அணைக்காது. உலர்ந்த மணலும் உலோகத் தீக்கான டி வகைத் தீயணைப்பானும் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் சிப்பை அள்ளி மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட வேண்டும். இவை இல்லாத ஷாப்பில் டைட்டானியம் ஜாப்பை ஏற்றாதீர்கள். முதலில் அவற்றை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.